எதிரே வருகிறவன் கண்

வெளிச்சம் என்றால் நல்லது, இருட்டு என்றால் கெட்டது என்று சின்ன வயசிலேயே நமக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால் வந்த வினைதான், ராத்திரி வேளையில் திண்டிவனம் சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள் இன்று படுகிற பாடு.

கார் வாங்கிய மறுமாதமே நம் கனவான்களுக்குக் கம்பெனிக்காரன் கொடுத்த ஹெட்லைட் போதாமல் போய்விடுகிறது. கடைக்கு ஓடி, 'புரொஜெக்டர்' என்று ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கேட்டால், "எனக்கு ரோடு தெரிய வேண்டாமா, ஸார்?" என்கிறார்கள். தெரிய வேண்டியதுதான். ஆனால் ரோடு என்ன இவர் பாட்டனார் எழுதி வைத்த சொத்தா? எதிரே வருகிறவனுக்கும் அது தெரிய வேண்டாமா?

புரொஜெக்டரின் மேல் எனக்கு விரோதம் இல்லை. சொல்லப்போனால், எதிராளியை நினைத்துப் பார்த்துச் செய்த சாதனம் அது. பல்புக்குப் பின்னால் குழிந்த கண்ணாடி. முன்னால் ஒரு தகடு. அதற்கும் முன்னால் பூதக்கண்ணாடி போல் ஒரு லென்ஸ். மேலே போகப் பார்க்கிற வெளிச்சத்தைத் தகடு தடுத்துவிடுகிறது. சுவரில் அடித்தால் கத்தரித்தாற்போல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அந்த மேல் இருட்டு இருக்கிறதே, அதுதான் எதிரே வருகிறவனுக்கு நாம் செய்கிற மரியாதை. முன்பெல்லாம் லாரி விளக்குகளின் மேல்பாதியில் கறுப்பு வர்ணம் பூசியிருப்பார்களே, அதே மரியாதைதான். அது ஏழையின் பாணி, இது பணக்காரப் பாணி.

ஆனால் அந்தக் கோடு முழுக்க நேராக இருப்பதில்லை. ஓர் ஓரத்தில் படி போல் ஏறும். சாலையோரப் பலகையையும், ஓரமாக நடக்கிறவனையும் காட்டுவதற்காக அப்படி. இடப்பக்கமாக ஓட்டுகிற நமக்கு அது இடப்பக்கம் ஏற வேண்டும். வலப்பக்கமாக ஓட்டுகிற அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் செய்த விளக்கில் வலப்பக்கம் ஏறும். விலை மலிவு என்று அதை வரவழைத்து இங்கே மாட்டினால், ஓரத்தில் நடக்கிறவன் இருட்டில் போவான்; எதிரே வருகிறவன் கண்ணில் வெளிச்சம் நேராகப் போய்க் குத்தும்.

இதைவிடச் சிக்கனமான புத்திசாலிகள் உண்டு. லென்ஸும் வேண்டாம், தகடும் வேண்டாம். பழைய ஹாலஜன் கூட்டிலேயே ஸெனான் பல்பைச் சொருகிவிடுவார்கள். 55 வாட் ஹாலஜன் டிம்மில் தருவது சுமார் 1,000 லூமன். 35 வாட் ஸெனான் தருவது சுமார் 3,000. ஹாலஜன் இழை இருக்கிற இடத்துக்கென்று அளவெடுத்துச் செய்த கூட்டில் இதைப் போட்டால், மூன்று மடங்கு வெளிச்சம் கண்டபடி சிதறாமல் என்ன செய்யும்? ஐரோப்பாவில் இத்தகைய விளக்கு வந்தபோது, பின்பாரத்துக்குத் தக்கபடி அது தானாகவே தாழ வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நம் கனவானோ டிக்கி நிறைய மூட்டைகளை ஏற்றுகிறார். வண்டி மூக்கைத் தூக்குகிறது. விளக்கு ஆகாயத்தை விசாரிக்கிறது.

கூசின கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில விநாடி பிடிக்கும். வயசானவர்களுக்கு இன்னும் அதிகம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று விநாடி என்றால் 66 மீட்டர் குருட்டுப் பிரயாணம். அந்த 66 மீட்டருக்குள் பால் கேன் கட்டின சைக்கிள்காரனோ, சாலையைக் கடக்கிற ஒரு கிழவியோ இருந்துவிட்டால்? இடித்தவன் கோர்ட்டு வாசலில் நிற்பான். அவன் கண்ணை அவித்தவனோ, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்திருப்பான். தன்னால் ஒரு உயிர் போனது அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. எட்டு மீட்டர் தள்ளியிருக்கிறவனின் கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ராத்திரியில் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்கிற போலீஸ்காரர், அந்த வண்டியின் வெளிச்சம் தாங்காமல் ஒரு கையால் தம் கண்ணை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் 'போகலாம்' என்று சைகை காட்டுகிறார்.

கம்பெனிக்காரர்களையும் நான் விட்டுவிடுவதாக இல்லை. பிளாஸ்டிக் முகப்பு சில வருஷ வெயிலில் மஞ்சள் பூத்துவிடுகிறது. அதைத் தேய்த்து மெருகேற்றினாலே பலருக்கு ரோடு தெரிய ஆரம்பித்துவிடும். அதை எந்தக் கடையில் சொல்கிறார்கள்? முகப்பைச் சூடாக்கிப் பசையை இளக்கிப் பிரித்து, லென்ஸைப் பொருத்தி, ஈரம் புகாமல் மூடி, 25 அடி தள்ளிச் சுவரில் அடித்து, கோடு விளக்கு உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும் வரை திருகாணியை முறுக்குகிற நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் அரை நாள் காத்திருக்க நம்மவருக்குப் பொறுமை கிடையாது.

மாட்டித்தான் தீருவேன் என்கிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் கடைச் சுவரில் ஒரு தரம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். படி வலப்பக்கம் ஏறினால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.