சுமைக்கு வழி இருந்தது, சுமந்தவருக்கு?

இங்கிலாந்தின் மலைப்பகுதிகளில் பொதிக்குதிரைகளுக்காகக் கட்டிய பழைய கல்பாலங்கள் இன்றும் நிற்கின்றன. ஒரு குதிரை போகும் அகலம்தான். இரு பக்கமும் தொங்கும் மூட்டை இடிக்காதபடி கைப்பிடிச் சுவரைத் தாழ்வாகக் கட்டினார்கள். அவற்றை அந்நாடு மரபுச் சின்னமாகக் காக்கிறது.

நம் பக்கம் உப்பும் தானியமும் பொதிமாட்டிலும் தலைச்சுமையிலும் போயின. சுமப்பவருக்காக எழுந்த கல் சுமைதாங்கி. இரண்டு தூண், மேலே ஒரு பலகைக்கல். தூக்கிவிட ஆளில்லாத இடத்திலும் இறக்கி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்த கர்ப்பிணியின் நினைவாகவும் அதை நட்டார்கள். சாலையை அகலப்படுத்தியபோது பல கற்கள் பெயர்ந்துபோயின. நட்டவர் பெயர் பொறித்த சுமைதாங்கிகள் உண்டு. சுமந்தவர் பெயர் பொறித்த ஒன்றையும் நான் கண்டதில்லை.

சுமை எந்தத் தெருவிலும் போகலாம், சுமந்தவர் சும்மா நடந்து போகக் கூடாது என்பதுதான் அன்றைய நடப்பு. அதை உடைக்க, திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் யாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளத்தையும் பயன்படுத்தலாம் என்றது அது. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆனது.

95 ஆண்டு கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஏறக்குறைய 20 அடி உயரம். சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள் என்றனர் ஊர் மக்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. பாலம் பொதுப்பணத்தில் கட்டியது. மேலே பேருந்து போகும், லாரி போகும். அதன் ஓரத்தில் ஒரு பாடை தொங்கியது.

நம் மாவட்டத்தில் அப்படி இல்லை என்று சொல்லும் முன் உங்கள் காலனியிலிருந்து சுடுகாடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். மழைக்காலத்தில் நடந்தால் இன்னும் நல்லது; ஓடையில் இடுப்பளவு நீர் ஓடும்போதுதான் பாலம் இல்லாதது தெரியும். வழக்கமான பொதுவழியை மறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்த வழி தாளில் இருக்கிறதா? படிக்கிற பிள்ளைகள் கிராம வரைபடத்தையும் புலப்பட நகலையும் வாங்கிப் பாருங்கள். பாதை அதில் இல்லையென்றால், அக்டோபர் 2 கிராமசபையில் பாதைக்கும் சிறுபாலத்துக்கும் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.