அரசனைச் சுற்றி வட்டம் போட்ட வியாபாரி

வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி 1978-ல் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கினார். எங்கள் ஊரின் ஏற்றுமதிக் கதையை யார் சொன்னாலும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1982-ல், இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராய், எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இன்னோர் இத்தாலிய வியாபாரியின் கதையைத் தொடராக எடுத்தது. ஜுலியானோ மொண்டால்டோ இயக்கிய 'மார்கோ போலோ' அது. நாயகன் கென் மார்ஷல். இசை என்னியோ மோரிகோனே. குப்லாய் கானாகச் சீன நடிகர் யிங் ருவோசெங் நடித்தார். வெளிநாட்டுப் படக்குழுக்களைச் சீனா அப்போதுதான் உள்ளே விடத் தொடங்கியிருந்தது. தொடர் அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த குறுந்தொடர் என்று எம்மி விருதும் வாங்கியது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் யூனிட்டுக்குச் சரக்கின் தரம் பார்க்க வந்த ஓர் இத்தாலியர். நான் பவர் டேபிள் வைத்திருப்பவன். கட்டிங் ஆகி வரும் துணியைத் தைத்துக் கொடுப்பது தொழில். மதியச் சாப்பாட்டின்போது எப்படியோ பேச்சு மார்கோ போலோவுக்குப் போனது. சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த தொடர் என்றார். அதன் இசையை முணுமுணுத்தும் காட்டினார். பிறகு மகளை இணையத்தில் தேடச் சொல்லி நானும் பார்த்தேன். பனியன்காரன் கண் முதலில் துணிமேல்தான் போகும்: அந்த உடைகளுக்கே ஒரு விருது தரலாம் என்று தோன்றியது. உண்மையிலேயே தந்திருக்கிறார்கள்.

நல்ல தொடர்தான், ஆனால் எனக்கு ஒரு குறை. வியாபாரி வீட்டுப் பிள்ளை ஒருவன் 1271-ல், 17 வயதில், அப்பாவோடும் சித்தப்பாவோடும் வெனிஸிலிருந்து கிளம்புகிறான். கதையின் கனம் முழுக்கக் கானின் அரசவையில் போய் இறங்கிவிடுகிறது. 2014-ல் நெட்ஃபிளிக்ஸ் எடுத்த 'மார்கோ போலோ'விலும் அரண்மனைச் சூழ்ச்சியும் வாள்சண்டையும்தான். அவர் பெயரில் உள்ள புத்தகமோ எந்த ஊரில் என்ன சரக்கு, என்ன விலை, யாருக்கு என்ன பங்கு என்றே போகிறது. அதில் நம் ஊருக்கும் பல பக்கங்கள் இருக்கின்றன.

1292 வாக்கில் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்திலிருந்து அவர் கப்பல் ஏறினார். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அந்த ஊரில் தமிழ் வியாபாரிகள் சிவனுக்குக் கோயில் கட்டியிருந்தார்கள். கானின் உடல்நலம் வேண்டி 1281-ல் தமிழில் வெட்டிய கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கிருந்து வந்தவர் பாண்டிய நாட்டுக் கரையையும் அதன் துறைமுகமான காயலையும் விவரிக்கிறார். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இன்றைக்குப் பழையகாயல் என்று இருக்கும் ஊர்தான் அது என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிப்போன ஊர். எங்கள் கன்டெய்னர்கள் தூத்துக்குடி துறைமுகத்துக்குத்தான் போகின்றன என்பதால் எனக்கு இது தூரத்து ஊராகத் தெரியவில்லை.

இந்தக் கரையில் அவர் பார்த்ததெல்லாம் கணக்கு வழக்கு. ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வருகின்றன. இங்கே குதிரையைப் பழக்கத் தெரியாமல், தவறான தீனி போட்டுச் சாகவிடுகிறார்கள். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே கூட்டி வருவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்? மெஷினை விற்றுவிட்டு, ஸ்பேருக்கும் மெக்கானிக்குக்கும் நம்மை அலையவிடுகிற ஏஜென்டைப் பார்த்த எவருக்கும் இது புரியும். முத்துக்குளிப்பும் அப்படித்தான். ஏப்ரலில் தொடங்கி மே பாதி வரை சீசன். வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து படகெடுத்து, மூழ்குபவர்களைக் கூலி பேசி அழைத்துப் போகிறார்கள். பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா கடிக்காமல் மந்திரம் போடுபவருக்கு இருபதில் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்தது கடன் வசூல். வாங்கிய கடனைத் தராமல் ஒருவன் நாளை, நாளை என்று இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டால் போதும். பணத்தைக் கொடுக்காமல், அல்லது உறுதியான பிணை காட்டாமல், அவன் வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்டனை. வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு அரசனே பாக்கி வைத்திருந்தான். அவன் குதிரையில் வந்தபோது அந்த வியாபாரி குதிரையையும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டார். கணக்குத் தீரும்வரை அரசன் நகரவில்லை. இதைத் தானே கண்ணால் பார்த்ததாக மார்கோ போலோ சொல்கிறார்.

எங்கள் யூனிட்டில் இதைச் சொன்னேன். ஓவர்லாக் தைக்கும் அக்கா சிரித்துவிட்டு, "அந்தக் கோட்டை நாம எங்க போய்ப் போடறதுங்ணா? அவுங்க ஆபீஸ் வாசல்லயே வாட்ச்மேன் உள்ள உடறதில்லையே" என்றார். சரியான கேள்வி. சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பதால் நாங்கள் கேட்பதில்லை. ஒரு கம்பெனியிடம் எனக்கு வர வேண்டிய பில்லுக்கு ஆயுத பூஜையே இரண்டு முறை வந்துபோய்விட்டது.

அந்தப் பாண்டியக் கரையின் கதையைத் தொடராக எடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தமிழில் சரித்திரம் என்றால் அரசன், வாள், யானை என்று நம் கண்ணைப் பழக்கிவிட்டார்கள். 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகத்தையும் நானும் தியேட்டரில் ரசித்தவன்தான். ஆனால் கப்பலுக்கு முதல் போட்டவன், சரக்குக் கட்டியவன், கடலில் மூழ்கியவன் எல்லாம் எப்போது திரைக்கு வருவார்கள்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, தூரத்தில் ஒருவர் போடும் கையெழுத்தில் இங்கே எத்தனை மெஷின் நிற்கும் என்று திருப்பூர் பார்த்தது. பாண்டியன் காலத்துக் காயலிலும் அதே நாடகம் நடந்திருக்கும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியதில், பாண்டியனுக்குத் தகியுத்தீன் என்ற அமைச்சர் இருக்கிறார். குதிரைகளை அனுப்பியது அவருடைய அண்ணன் குடும்பம். வாங்கும் அரசவையில் தம்பி, விற்கும் கப்பலில் அண்ணன். இதைவிடப் பெரிய கதைமுடிச்சை எந்த மெகா சீரியல் எழுத்தாளர் யோசித்துவிட முடியும்?

மார்கோ போலோவை நம்பலாமா என்று கேட்பார்கள். அவர் சீனாவுக்கே போகவில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. சிறையில் இருந்தபோது ருஸ்டிகெல்லோ என்ற கதை எழுத்தாளரிடம் சொல்லி எழுதவைத்த புத்தகம். மிகை இல்லாமல் இருக்காது. இந்தக் கரையில் எல்லோரும் அம்மணமாகத் திரிவதால் தையற்காரரே கிடையாது என்றுகூடச் சொல்லியிருக்கிறார். தையற்காரனான எனக்கு அதைப் படித்துக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மேல்சட்டை போடாத வெயில் ஊரை, குளிர்நாட்டுக்காரன் பார்த்த பார்வை அது. அதே ஆள், இதற்கு வடக்கே ஓர் அரசி ஆண்ட தெலுங்குக் கரையில் நெய்த துணி சிலந்தி வலைபோல் மெல்லியது, எந்த ராஜாவும் ராணியும் உடுத்தலாம் என்கிறார். அவர் எங்கே தடுக்கினார், எங்கே சரியாகப் பார்த்தார் என்பதையும் சேர்த்துக் காட்டுகிற தொடர்தான் நமக்கு வேண்டும்.

தனியார் சேனல்கள் இதற்குப் பணம் போடமாட்டார்கள். 1988-ல் ஷியாம் பெனகலை வைத்து 'பாரத் ஏக் கோஜ்' என்று 53 பகுதிகள் எடுத்த தூர்தர்ஷன் போடலாம். அதன் தமிழ் அலைவரிசைக்கு 2024-ல் பெயரை மாற்றி டிடி தமிழ் என்று புது வண்ணம் பூசினார்கள்; பேர் சொல்லும்படி ஒரு தொடரும் தரட்டும். காயலுக்குப் பக்கத்தில் கொற்கையில் தோண்டிய தமிழகத் தொல்லியல் துறையின் அறிஞர்கள் பக்கத்தில் இருந்து வழிகாட்டட்டும். ஐம்பது எபிசோடு வேண்டாம், எட்டு போதும். விளம்பரம் திருப்பூரிலிருந்து வரும். மாலை நேரத் தொலைக்காட்சியில் எங்கள் பனியனும் ஜட்டியும் வராத நாள் எது? உடைகளையும் நாங்களே தைத்துத் தருகிறோம், பீஸ் ரேட்டைப் பேசிக்கொள்ளலாம். பில்லை மட்டும் 45 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.