ஊர் அறிந்த கணக்கே உண்மைக் கணக்கு

ஊராட்சி வேலைகளில் நடக்கும் முறைகேட்டைச் செல்போன் தடுத்துவிடும் என்று அதிகாரிகளும் படித்தவர்களும் உறுதியாக நம்புகிறார்கள். வேலை நடக்கும் இடத்தைப் படம் எடுத்து, நேரத்தோடும் இடக்குறியோடும் ஏற்றிவிட்டால் பொய்க்கணக்கு எழுத வழியில்லை என்பது அவர்கள் வாதம். ஊர்க்காரர்களுக்குத் தணிக்கை செய்யத் தெரியாது, கிராம சபையில் கணக்கு வாசித்தால் சண்டைதான் மிஞ்சும் என்பது அந்த நம்பிக்கையின் மறுபாதி. இரண்டு பாதியும் தவறு. ஏழைகளின் கூலியோடு விளையாடும் தவறு என்பதால் எதிர்த்தே ஆக வேண்டும்.

நூறு நாள் வேலையையே பாருங்கள். 2021-இல் அறிமுகமான என்.எம்.எம்.எஸ். என்னும் வருகைப் பதிவுச் செயலி, தனிநபர் பயனாளி வேலைகள் நீங்கலாக, 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களிலும் கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். நடந்தது என்ன? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏறுகின்றன; படத்தையே படம் பிடித்து அனுப்புகிறார்கள்; ஒரே ஆட்கள் பல மஸ்டர் ரோல்களில் (வருகைப் பட்டியல்களில்) தெரிகிறார்கள். இதற்கு அமைச்சகம் கண்ட தீர்வு, ஏறிய படங்களை ஊராட்சி முதல் மாநிலம் வரை அதிகாரிகள் உட்கார்ந்து சரிபார்ப்பது. ஏமாற்றத் துணிந்தவனைச் செயலி தடுக்கவில்லை. வெயிலில் மண் வெட்டிய பெண்தான், சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாத நாளில், கூலி வருமா என்று தவிக்கிறாள்.

படம் சரியாகவே ஏறினாலும் அது சொல்வது இத்தனை பேர் நின்றார்கள் என்பதை மட்டுமே. தூர்வாரிய குளத்தில் தண்ணீர் நின்றதா, வரத்துக்கால்வாய் யார் வயலோரம் திரும்பியது, கூலி கைக்கு வந்ததா என்பதை அந்த ஊரில் வாழ்பவர்தான் சொல்ல முடியும்.

இதை நாட்டுக்குக் காட்டியவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். அவர்களின் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அங்கே அரசு வேலைகளின் கணக்கை ஊரார் முன்னிலையில் உரக்க வாசித்தார்கள். காகிதத்தில் ஒழுங்காக இருந்த பொய், ஊரார் காதில் விழுந்ததும் உடைந்தது. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது ஊருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே தணிக்கையாளர் ஆனார். அந்த இயக்கத்தின் போராட்டம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. நூறு நாள் வேலைக்கான 2005 வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும், மஸ்டர் ரோல், பில், அளவுப் புத்தகம் அனைத்தையும் ஊராட்சி அதன் முன் வைக்க வேண்டும் என்றும் விதித்தது.

சமூகத் தணிக்கையும் பல இடங்களில் பெயருக்கு நடக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஊராட்சித் தலைவருக்கு அஞ்சி வாய் திறக்காதவர்கள் உண்டு. முறைகேடு எனக் கண்டுபிடித்த தொகையில் சிறு பங்கே மீட்கப்படுகிறது. ஆனால் இது ஊராரின் அறியாமையால் வந்த குறை அன்று. அவர்கள் கண்டுபிடித்ததன் மேல் நடவடிக்கை எடுக்காத அதிகாரத்தின் குறை.

ஆகவே கேட்க வேண்டியது இன்னொரு செயலியை அல்ல. கணக்கு விவரம் சபைக்குப் பல நாள் முன்பே ஊர்ச் சுவரில் எழுதப்பட வேண்டும். தணிக்கைக் குழுவில் வேறு ஊர்க்காரர்களும் வேலை செய்தவர்களும் இருக்க வேண்டும். குழுவுக்கான பணம், தணிக்கைக்கு உள்ளாகும் துறையின் தயவில் இருக்கக் கூடாது. கண்டுபிடித்த ஒவ்வொரு குறைக்கும் கெடு வைத்து, எடுத்த நடவடிக்கையை அடுத்த சபையில் வாசிக்க வேண்டும். திட்டத்தின் பெயரும் சட்டமும் மாறலாம். இந்தக் கடமை மாறக் கூடாது. யாருக்காக வேலை நடக்கிறதோ அவர்களுக்கே அதை மதிப்பிடும் முதல் உரிமை.