நிறம் போனால் போதுமா?

சாயக்கழிவை வடிகட்ட நுண்துளை பாலிமர் மணிகள் வந்துவிட்டன. கருநீலத் தண்ணீரை ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் தெளிந்த நீர் வருகிறது. இந்தத் தொழில்நுட்பம் திருப்பூருக்குத் தேவை. ஆனால், சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும், அங்குள்ள பூஜ்ய வெளியேற்ற முறைக்கு உதவியாகத்தான் அது வர வேண்டும். அந்த முறையைத் தளர்த்துவதற்கான சாக்காக வரவே கூடாது.

காரணம், உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு, அடர்நிறமாக இருந்தால் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல்கூட உப்பு போடுகிறார்கள். சாயத்தில் ஒரு பகுதிதான் கழிவோடு போகிறது. உப்போ ஏறக்குறைய முழுவதுமாகப் போகிறது. பாலிமர் தன் துளைகளில் சாய மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும், கரைந்த உப்பை விட்டுவிடும். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் ஆயக்கட்டுக் கிணறுகளைப் பாழாக்கியது இந்த உப்புதான். அந்த ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணையால் பயன்பெற வேண்டிய விவசாயிகளே அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே எல்லோருக்கும் உறைத்தது. வெளியேறும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கலங்கிய தண்ணீரென்றால் ஊரே புகார் சொல்லும். தெளிந்த உப்புத்தண்ணீரை யார் கண்டுபிடிப்பார்கள்?

பாலிமருக்கு உரிய இடம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உள்ளே இருக்கிறது. அங்கே கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வுகள் கழித்து ஒதுக்கும் அடர் உப்புநீரில் சாயமும் சேர்ந்தே இருக்கிறது. அதைக் காய்ச்சினால் எதற்கும் உதவாத கலவை உப்பு மிஞ்சுகிறது. மூட்டை மூட்டையாகக் கிடங்கில் அடுக்க வேண்டியதுதான். நிறத்தை எடுத்துவிட்டால் அதே உப்புநீரை மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தலாம். உப்புச் செலவும் மிச்சம். நிறத்தை எடுக்கக் குளோரின், ஓசோன், கரி என்று பலவும் கையாளப்படுகின்றன. சாயம் ஏறிய கரியைப் புதுப்பிக்க உலையில் சுட வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். பாலிமரைக் கழுவியே திரும்பப் பயன்படுத்த முடியும். 2016-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய சைக்ளோடெக்ஸ்ட்ரின் பாலிமர், தான் பிடித்த மாசுகளை அறை வெப்பநிலையிலேயே மெத்தனாலில் விட்டுவிட்டது. சரி, கழுவிய மெத்தனால் எங்கே போகும்? இந்தக் கேள்வியை விற்பனையாளர்கள் விரும்புவதில்லை.

ஆய்வுக்கூட எண்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல ஆய்வுகள் காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் புளூவைக் கரைத்துச் சோதிக்கின்றன. அது நேர்மின்சுமை கொண்ட சாயம். திருப்பூரின் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை; கூடவே உப்பு, காரம், சோப்பு எல்லாம் கலந்து வருகின்றன. அங்கே ஜெயித்த பாலிமர் இங்கே படுத்துவிடலாம்.

ஆகவே, இயங்கும் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில், நிஜக் கழிவில், ஓராண்டாவது இதைச் சோதிக்க வேண்டும். எத்தனை கழுவலுக்குத் தாங்குகிறது, கழுவிய திரவம் என்ன ஆகிறது, தேய்ந்த பாலிமர் எங்கே போகிறது என்பதெல்லாம் பொதுவில் வெளியாக வேண்டும். 2011-ல் இந்த நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது தமிழக அரசு. மக்கள் பணம் போன இடத்தின் கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும். நிறம் நீக்கும் கருவியைப் பொருத்திவிட்டதாகச் சொல்லி எந்தப் பட்டறையும் கழிவை ஆற்றில் விட அனுமதி கிடையாது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் இப்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.