மார்த்தினிக் தீவில் மளிகை: தூரம் மட்டுமா விலையை ஏற்றுகிறது?

சுற்றுலாப் பயணி வந்து இறங்கினால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்ட விலையைக் கொடுப்பார், பேரம் பேசமாட்டார், மறுபடியும் வரப்போவதில்லை என்பது அந்தப் பேச்சின் உட்பொருள். இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்கக் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவை எடுத்துக்கொள்கிறோம். அங்கே விடுமுறைக்குப் போகும் குடும்பம் குறைந்த செலவில் மளிகை வாங்குவதும், ஊர் சுற்றுவதும் எளிதாக இல்லை. அதே தொல்லையை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆண்டு முழுவதும் அனுபவிக்கிறார்கள். இதற்கான காரணங்களை ஆராய்ந்தால் மளிகை வியாபாரிகளாகிய நமக்கும் சில பாடங்கள் கிடைக்கின்றன.

மார்த்தினிக் பிரான்சு நாட்டைச் சேர்ந்த தீவு. பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை மூன்றரை லட்சம் அளவில். பாரிஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சட்டமும் நாணயமும் பிரான்சினுடையவையே; கடையில் கொடுப்பது யூரோ. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு, ஐரோப்பாவிலோ கடுங்குளிர். ஆகவே அந்த மாதங்களில் பிரான்சிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது என்று சமையலறையுடன் கூடிய வீட்டை வார வாடகைக்கு எடுப்பவர்கள் அநேகர். வந்த அன்று மாலையே அரிசி, எண்ணெய், பால், காய்கறி வாங்கக் கிளம்ப வேண்டியவர்கள் இவர்கள். கடற்கரைக்குப் போகும் முன்பே மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார்கள்.

அந்தத் தீவுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1848இல் அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்ட முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளை அழைத்துச் சென்றார்கள். முதல் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் சேர்ந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் போனார்கள். தமிழர்களே அவர்களில் மிகுதி. மொழி ஏறக்குறைய மறைந்துவிட்டது, மசாலா மறையவில்லை. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு சேர்த்து அரைத்த பொடி 'கொலொம்போ' என்ற பெயரில் இன்றும் அங்கே சந்தைக்குச் சந்தை விற்பனையாகிறது. கொழும்பு நகரின் பெயர் அது என்பாரும் உண்டு, நம் 'குழம்பு' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு.

விலைக் கணக்கு

பிரான்சின் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் 2022ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. உணவுப் பொருள்களின் விலை பிரான்சை விட மார்த்தினிக்கில் 40 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. பக்கத்துத் தீவான குவாதலூப்பில் 42 சதவீதம். பாரிஸிலிருந்து வரும் பயணியே விலைச் சீட்டைப் பார்த்து மலைக்கிறார் என்றால் உள்ளூர்த் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு முதலில் சொல்லப்படும் காரணம் கப்பல் வாடகை. அடுத்தது வரி. ஆக்ட்ராய் என்ற சொல் நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. பம்பாய்க்குச் சரக்கு அனுப்பியவர்கள் நகர எல்லையில் கட்டி வந்த வரி அது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒழிந்தது. மார்த்தினிக்கில் வந்து இறங்கும் சரக்கின் மீது 'கடல் ஆக்ட்ராய்' என்ற வரி இன்றும் உண்டு. உள்ளூர் நகராட்சிகளுக்கு அது முக்கிய வருமானம் என்பதால் ஒரே நாளில் எடுத்துவிடு என்று சொல்வதும் எளிதல்ல.

ஆனால் இந்த இரண்டோடு கணக்கு முடிந்துவிடவில்லை. பிரான்சின் கடல் கடந்த பகுதிகளைப் பற்றி அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2019இல் ஒரு கருத்துரை வெளியிட்டது. கப்பல் வாடகை, கடல் ஆக்ட்ராய் உள்பட சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு, விற்பனையாளரின் கொள்முதல் விலையில் சராசரி 16 சதவீதம் என்று அதில் கண்டது. மதிப்புக் கூட்டு வரியோ மார்த்தினிக்கில் குறைவு. பிரான்சில் பொது விகிதம் 20 சதவீதம், இங்கே 8.5; உணவுப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே 5.5, இங்கே 2.1. கொள்முதல் விலையில் 16 என்பதையும் விற்பனை விலையில் 40 என்பதையும் நேராகக் கழித்துப் பார்ப்பது முறையல்ல. ஆனாலும் கப்பலும் வரியும் மட்டுமே முழுக் காரணம் அல்ல என்பது விளங்கும்.

மீதி எங்கே போகிறது? சிறிய சந்தை, கப்பல் தாமதத்துக்குப் பயந்து கூடுதல் இருப்பு, வெப்பத்தில் கெட்டுப்போகும் சரக்கு, இவை நியாயமான செலவுகள். இவற்றோடு இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று கை மாறும்போது ஏறும் லாபம் இருக்கிறது. லாபத்தைச் சதவீதத்தில் வைப்பதால் வரும் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. விளக்கத்துக்காக நாமே போட்ட ஒரு கணக்கு இது: 100 ரூபாய்ச் சரக்குக்கு வண்டி வாடகையும் வரியும் 20 ரூபாய். இறக்குமதியாளர் 15 சதவீதம், மொத்த வியாபாரி 10 சதவீதம், சில்லறைக் கடைக்காரர் 20 சதவீதம் வைத்தால் கடைசி விலை 182 ரூபாய் 16 காசு. வாடகையும் வரியும் இல்லாமல் அதே கைகள் வழியே வந்திருந்தால் 151 ரூபாய் 80 காசு. வித்தியாசம் 30 ரூபாய் 36 காசு. அதாவது வழியில் ஆன 20 ரூபாய்ச் செலவுக்கும் மூன்று பேர் லாபம் வைத்ததால் அது முப்பதைத் தாண்டிவிட்டது.

சில சமயம் இறக்குமதி, மொத்த விற்பனை, பெரிய சில்லறைக் கடை மூன்றும் ஒரே குழுமத்தின் கையில் இருக்கும். அப்போது மூலைக் கடைக்காரர் தம் போட்டியாளரிடமே சரக்கு எடுக்கும்படி ஆகிறது. இதைத் தளர்த்தத்தான் 2012 நவம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தக்க காரணம் இல்லாமல் ஒருவருக்கே தனி இறக்குமதி உரிமை தரும் ஒப்பந்தங்களை அது தடை செய்தது. அன்றாடப் பொருள்கள் அடங்கிய ஒரு பட்டியலுக்கு அரசு அதிகாரியும் வணிகர்களும் ஆண்டுதோறும் பேசி மொத்த விலை வரம்பு வைக்கும் 'தர-விலைக் கேடயம்' என்ற ஏற்பாடும் அதிலிருந்து வந்ததே. பயணிகளும் இந்தப் பட்டியல் பொருள்களைத் தேடி வாங்கலாம்.

வண்டி இல்லாதவருக்கு விலை அதிகம்

மளிகை விலையைப் பேசும்போது போக்குவரத்தை மறந்துவிடுகிறோம். மார்த்தினிக்கில் ரயில் இல்லை. பெரிய கடைகள் தலைநகர் ஃபோர் த பிரான்சுக்கு வெளியே, லமாந்தான் போன்ற இடங்களில், கார் வைத்திருப்பவரை நம்பிக் கட்டப்பட்டவை. நகருக்கும் லமாந்தானுக்கும் இடையே தனிப் பாதையில் ஓடும் பேருந்து 2018இல் வந்தது. மற்ற ஊர்களுக்கு 'கூட்டு டாக்சி' எனப்படும் வேன்கள் உண்டு. நம் ஊர் ஷேர் ஆட்டோ போல ஆள் சேர்ந்தால் கிளம்பும், கட்டணம் குறைவு. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அரிது, ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது கடினம். தலைநகரிலிருந்து எதிர்க்கரையில் உள்ள துருவா இலே பகுதிக்குப் படகில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். சாலையில் சுற்றிப்போவதை விட அது வசதி.

இதன் விளைவைக் கவனியுங்கள். தெற்கே சேன்த் ஆன் கடற்கரையில் வீடு எடுத்துத் தங்கும் பயணிக்குக் கார் வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை என்றால், ஒரு மூட்டை சாமானுக்காகப் பாதி நாளை வழியில் கழிக்க முடியாது. பக்கத்துக் கடையில் சொல்லும் விலைக்கு வாங்குவார். கார் வைத்திருப்பவர் பெரிய கடைக்குப் போய் வாரச் சரக்கை ஏற்றி வருவார். ஆக, குறைந்த விலை வசதி உள்ளவருக்கும், கூடின விலை வசதி இல்லாதவருக்கும் என்று ஆகிவிடுகிறது. சிக்கனமாக இருக்க நினைப்பவர் தங்கும் வீட்டைப் பேருந்தும் படகும் நிற்கும் இடத்தை ஒட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. வாடகை சற்றுக் கூடினாலும் சாமான் செலவிலும் வண்டிச் செலவிலும் அது ஈடாகிவிடும்.

சந்தையும் மண்ணும்

மலிவாகச் சாப்பிட இன்னொரு வழி, கப்பலில் வராத பொருளை வாங்குவது. தலைநகரின் பெரிய சந்தையில் பெண்கள் கடை பரப்பி விற்கிறார்கள். சௌசௌ, சீமைப்பலா, வாழைக்காய், சேம்பு, வள்ளிக்கிழங்கு எல்லாம் நமக்கும் பழகியவை. பிரான்சில் தின்ற அதே தயிரையும் பாலாடைக் கட்டியையும் கேட்கும் பயணி கப்பல் வாடகைக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். சீமைப்பலாவும் மீனும் வாங்கிக் கொலொம்போ பொடி போட்டுச் சமைப்பவருக்கு அந்தச் செலவு மிச்சம்.

இதிலும் ஒரு கவலை உண்டு. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. பிரான்சில் 1990இலேயே தடை செய்தும், இந்தத் தீவுகளில் விலக்கு கொடுத்து மேலும் மூன்று ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அந்த விஷம் மண்ணில் பல தலைமுறைக்குத் தங்கக்கூடியது. மண்ணுக்குள் விளையும் கிழங்குகளில் ஏறும். மரத்தில் காய்ப்பவற்றில் அந்தப் பயம் மிகக் குறைவு. ஆகவே கிழங்கு எந்த நிலத்தில் விளைந்தது என்று வாங்குபவர் கேட்கிறார். தெரிந்து சொல்லும் வியாபாரியிடமே நின்று வாங்குகிறார். சரக்கின் ஊரையும் விவசாயியையும் அறிந்து வைத்திருப்பது வெறும் பேச்சுத் திறமை அல்ல, வாடிக்கையாளரின் உடல்நலத்துக்குப் பொறுப்பேற்பது.

பொறுமை எல்லை மீறியபோது

விலைவாசி எதிர்ப்பு அங்கே இருமுறை பெரிதாக வெடித்தது. 2009இல் குவாதலூப்பில் 44 நாள் பொது வேலைநிறுத்தம். அதே ஆண்டு பிப்ரவரி 5இல் மார்த்தினிக்கும் சேர்ந்து 38 நாள் முடங்கியது. 2024 செப்டம்பரில் மார்த்தினிக்கில் மறுபடி கிளர்ச்சி. ஊரடங்கு போட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன, தீக்கிரையாயின. கடைசியில் அக்டோபர் 16இல் சுமார் 6,000 பொருள்களின் விலையைச் சராசரி 20 சதவீதம் குறைக்கும் நோக்கத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. கிளர்ச்சியை முன்னின்று நடத்திய அமைப்பு அதில் கையெழுத்திடவில்லை.

கடைக்குத் தீ வைப்பதை எந்தக் காரணம் சொன்னாலும் நாம் ஏற்க மாட்டோம். ஆத்திரத்தில் வரும் கூட்டம் விலையை நிர்ணயித்தவர் யார், வாங்கி விற்றவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஷட்டருக்குப் பின்னால் நிற்கும் சிறு வியாபாரிதான் முதலில் அடிபடுகிறார். அதனால்தான் விலை எப்படி உருவாகிறது என்பதை மக்களுக்குத் தெரியச் செய்வது சிறு வியாபாரியின் சொந்தப் பாதுகாப்புக்கும் அவசியம் என்கிறோம்.

நம் கருத்து

முதலாவது, விலை வெளிப்படையாக இருக்கட்டும். பிரான்சின் சட்டப்படி மார்த்தினிக் கடைகளிலும் பாக்கெட் விலையுடன் கிலோ விலை, லிட்டர் விலையையும் எழுதி வைக்க வேண்டும். நம்மிடம் பாக்கெட்டின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகி வருகிறது. அங்கே அது கிடையாது. அதனால் கடைக்குக் கடை விலை மாறும்; பயணி கிலோ விலையைப் பார்த்தே ஒப்பிடுகிறார். நம் கடைகளில் மூட்டையில் வைத்து அளந்து விற்கும் பருப்புக்கும் மிளகாய்க்கும் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்தால், மொழி தெரியாத வெளியூர்க்காரரும் தயக்கமின்றிக் கடை ஏறுவார்.

இரண்டாவது, கை மாறுவதைக் குறைக்க வேண்டும். ஒரு தெருவில் உள்ள பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரி சரக்கு எடுத்தால், இடையில் ஒரு லாபமும், அந்த லாபத்தின் மேல் ஏறும் லாபமும் மிச்சம். தனியாக நிற்பவரால் பெரிய குழுமத்தோடு விலையில் மோத முடியாது. சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மூன்றாவது, சிறு அளவு. ஒரு வாரம் தங்குபவருக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒரு லிட்டர் எண்ணெயும் வேண்டாம். அரைக்கிலோ, நூறு கிராம் என்று சலிப்பில்லாமல் பொட்டலம் கட்டித் தருவது பெரிய கடையால் ஆகாத காரியம், நம்மால் ஆகும்.

நான்காவது, பேருந்து நிறுத்தம் எங்கே வருகிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பவை வியாபாரிக்கும் உரிய கேள்விகள். சாலை வசதி பற்றி மனு கொடுக்கும்போது இவற்றையும் சங்கங்கள் சேர்க்க வேண்டும்.

மறுபடி வராத வாடிக்கையாளர் என்று பயணியிடம் இரண்டு காசு கூட்டி வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அவர் வராவிட்டாலும் அவர் சொல்லி அடுத்த குடும்பம் வரும். அதைவிட, அதே விலைப்பலகையைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரரும் வாங்குகிறார். மார்த்தினிக்கில் கஷ்டப்பட்டது வாரம் ஒன்று தங்கிப் போனவர் மட்டும் அல்ல, ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவரும்தான். அவர்களை மனதில் வைத்து விலை போடுங்கள் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.