பத்தியம் மட்டும் போதுமா?

இரைப்பையில் நாட்பட்ட அழற்சி கண்டிருக்கிறது என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில், மிளகாயையும் புளியையும் அடுக்களையிலிருந்து விலக்கிவிட்டு, வேளைக்கு வேளை பாலைக் காய்ச்சிக் கொடுத்து, வியாதி தானே தீர்ந்துவிடும் என்று நிச்சிந்தையாக இருந்துவிடுவது நம் குடும்பங்களில் சர்வ சாதாரணம். 1915இல் அமெரிக்க வைத்தியர் பெர்ட்ரம் சிப்பி வயிற்றுப் புண்ணுக்கு மணிக்கொரு தடவை பாலும் பாலேடும் புகட்டும் முறையை வகுத்தது முதல், மேல்நாட்டாரும் வெகுகாலம் பாலையே நம்பியிருந்தனர். ஆனால் பாலோ, எரிச்சலைச் சிறிது நேரம் தணித்துப் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும் சுபாவமுடையது. 1984இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து பாரி மார்ஷல், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்த திரவத்தைத் தாமே பருகி, சில தினங்களில் குமட்டலும் வாந்தியுமாக அவதிப்பட்டு, இரைப்பை அழற்சிக்கு அக்கிருமி காரணமாகக்கூடும் என்பதைத் தம் சரீரத்தாலேயே நிரூபித்தார். அக்கிருமியைக் கண்டறிந்ததற்காக அவரும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இதனால் பத்தியம் வியர்த்தம் என்று ஆகிவிடாது. குழைந்த சாதமும் இட்லியும் வெந்த காய்கறியும் சிறுகச் சிறுக உண்பதும், வெறும் வயிற்றுக் காப்பி, எண்ணெய்ப் பலகாரம், ஊறுகாய் ஆகியவற்றில் தமக்கு ஒவ்வாததைக் கண்டு ஒதுக்குவதும் உபத்திரவத்தைக் குறைக்கும். மதுவையும் புகையிலையையும் விடுவது அவசியம். எனினும், கிருமி உண்டா என்று சோதித்துக்கொள்ளாமலும், மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும், இரைப்பையைப் புண்படுத்தக்கூடிய மாத்திரைகளைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறவாமலும், ரசத்தில் மிளகைக் குறைப்பதோடு நிற்பவர், நாவை மட்டும் தண்டித்துவிட்டு நோயைப் போஷித்து வருகிறார் என்றே சொல்லவேண்டும்.