தெருமுனையில் வீட்டுச் செய்தி

முற்காலத்தில் கருமாதிப் பத்திரிகை வந்தால் படித்தவுடன் கிழித்துவிடுவர். துக்கச் செய்தி வீட்டினுள் தங்கலாகாது என்பது வழக்கம். இன்றோ மறைந்தவரின் முகம் ‘கண்ணீர் அஞ்சலி’ என்னும் எழுத்துகளோடு தெருமுனையில் பத்தடி உயரத்தில் வாரக்கணக்கில் நிற்கிறது. காதணி விழா, பூப்புனித நீராட்டு, மணிவிழா என மற்றச் செய்திகளுக்கும் அதே சவுக்குக் கழிகள்தாம்.

பெயரைப் பொதுவிடத்தில் பொறிப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன், தான் அளித்தவற்றை மட்டுமின்றித் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். அணிகலன்களின் எடையும் முத்துகளின் எண்ணிக்கையும் அதில் உண்டு. பேரேடு போன்ற கணக்கு அது. (குழல்விளக்கின் ஒளியையே மறைத்து ‘உபயம்’ என எழுதுவதை அவ்வரிசையில் சேர்க்க இயலாது!)

பதாகைத் துணியோ பிளாஸ்டிக் கலந்தது. மழையில் ஊறாது, மண்ணில் மக்காது. விழா முடிந்தபின் அது பூக்கடைக்குக் கூரையாகும்; வைக்கோற்போரின்மேல் கிடக்கும். பாட்டனாரின் திருமுகம் மாட்டுக் கொட்டகையின்மீது தலைகீழாகக் கிடப்பதைக் காண நேரும் பேரப்பிள்ளைகளின் மனம் என்ன பாடுபடும்?

இதனினும் கொடியது வேறொன்று. 2019 செப்டம்பர் 12 அன்று, சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையின் நடுத்திட்டில் கட்டப்பட்டிருந்த திருமணப் பதாகை ஒன்று, ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண்ணின்மேல் சரிந்தது. நிலைகுலைந்து விழுந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. மணமக்களை வாழ்த்தக் கட்டிய துணி, அவர்களை அறியாத ஓர் இல்லத்தின் விளக்கை அணைத்துவிட்டது.

திருக்கடையூருக்கு அறுபதாம், எண்பதாம் ஆண்டுச் சாந்திகளுக்காகத் தம்பதியர் நாள்தோறும் வருகின்றனர். சங்கல்பத்தில் அவர்தம் கோத்திரமும் நட்சத்திரமும் பெயரும் அமிர்தகடேசுவரர் திருமுன் ஓதப்படுகின்றன. ஊரிலோ பிள்ளைகள் அதே பெயர்களைச் சாலையோரத்தில் கட்டுகின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர்; ஐயமில்லை. ஆயினும் படம் பெரியவர்களுடையது. “மண்டப வாயிலுக்கு உள்ளே மட்டும் வையுங்கள், மாலையே கழற்றி விடுங்கள்” என்று கூற அவர்களுக்கு உரிமை உண்டு. நாள் குறித்த அன்றே கூறிவிடுவது நல்லது. அச்சாகி வந்தபின் சொன்னால் பேரனின் முகம் வாடிவிடும்.